பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு படக்கொட்டகை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

முன்னுரை

ஒளியும் இருளும் ஒன்றுக்கொன்று பகை என்பது நம்மிற் பலர் கொண்டுள்ள எண்ணம். ஆனால் படம் காட்டும் கலையில் இவ்விரண்டும் கூட்டாளிகள். ஒன்று குறைந்தால் மற்றொன்றுக்கு மதிப்பில்லை. இந்த உண்மையைக் கணக்கின் துணைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1659ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகென்ஸ், கண்ணாடியில் வரைந்த சிறு ஓவியத்தை விளக்கொளியாலும் வில்லையாலும் சுவரில் பெரிதாக்கிக் காட்டும் ‘மாய விளக்கை’ வடிவமைத்தார். அதற்குப் பின் இரண்டரை நூற்றாண்டு கழித்து, 1905ஆம் ஆண்டில், திருச்சிராப்பள்ளியில் இரயில்வே அலுவலகத்தில் வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டப் புறப்பட்டார். 1914இல் அவர் கோயம்புத்தூரில் கட்டிய வெரைட்டி ஹால் தமிழ்நாட்டுத் திரையரங்க வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றது. 1987இல் அமெரிக்காவில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக், எண்ணற்ற நுண்கண்ணாடிகள் பதித்த சில்லு ஒன்றை உருவாக்கினார். இத்தகைய சில்லுகளும் திரவப் படிகப் பலகங்களும் வந்த பிறகு, படச்சுருள் இன்றியே படம் காட்டும் கருவி ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டது. அதுவே இன்று நாம் புரொஜெக்டர் என்று அழைக்கும் படவீழ்த்தி.

கருவி சிறிதாகிவிட்டது, சரி. நம் வீடுகளும் சிறியவைதாமே! பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் கொண்ட ஓர் அறையில் திரையரங்கம் போன்ற காட்சி அமையுமா? இக்கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. என் வீட்டிலிருந்து வந்தது.

கேள்வி எழுந்த விதம்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அப்பா வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலாளி. அம்மாவுக்கு வயல் வேலை. அப்பத்தாவுக்கு மூட்டுவலி, தெருமுனை தாண்டிச் சென்று பல ஆண்டுகள் ஆயின. அந்தக் காலத்தில் டூரிங் டாக்கீசில் மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து படம் பார்த்த கதையை அப்பத்தா சொல்லாத நாளில்லை. அருகிலிருந்த சிறு நகரத்துத் திரையரங்கும் இன்று திருமண மண்டபமாகிவிட்டது. இது ஒருபுறமிருக்க, எங்கள் தெருப் பிள்ளைகள் எட்டுப் பேர் மாலையில் என்னிடம் பாடம் கேட்க வருகிறார்கள். கோள்கள் சுற்றுவதையும் இதயம் துடிப்பதையும் ஒரு கைப்பேசியின் சிறு திரையில் எட்டுத் தலைகள் முட்டிக்கொண்டு பார்ப்பதைக் காணப் பொறுக்கவில்லை.

அப்போது ஓர் அலுவலகம் மாற்றிய பழைய படவீழ்த்தி ஒன்று 7000 ரூபாய்க்கு விலைக்கு வந்தது. அம்மாவிடம் சிறுவாட்டுப் பணம் அவ்வளவு இருந்தது, அதற்குமேல் இல்லை. தெருவில் சிலர், “பி.எஸ்சி. படிச்சு என்னத்தக் கண்டாங்க” என்று பேசுவது அம்மாவின் காதிலும் விழுந்திருக்கும். அம்மா சொன்னது இதுதான்: “நீ படிக்கிற பிள்ளைதானம்மா. கணக்குப் போட்டுச் சொல்லு, வாங்கலாமா வேணாமான்னு. நீ சொன்னா எடுத்துத் தாரேன்.”

நண்பர்களே, தேர்வுத் தாளில் தவறினால் மதிப்பெண்தான் போகும். இந்தக் கணக்கில் தவறினால் ஓராண்டுக் களையெடுப்பின் கூலி போகும். ஆகவே வாங்குவதற்கு முன்பே ஒவ்வொன்றையும் அளந்து பார்க்க முடிவு செய்தேன். விற்பவரும் ஒரு நாள் மாலை எங்கள் வீட்டிலேயே கருவியை இயக்கிப் பார்க்க இசைந்தார்.

முதற் கணக்கு: படத்தின் அளவு

கடையில் படவீழ்த்தி வாங்கச் செல்வோர் முதலில் கேட்பது, “எத்தனை அங்குலம் வரும்?” என்பது. அக்கேள்விக்குக் கருவி மட்டும் விடை சொல்ல இயலாது. அறையும் சேர்ந்தே விடை சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு படவீழ்த்திக்கும் எறிதூர விகிதம் என்று ஓர் எண் உண்டு. வில்லைக்கும் திரைக்கும் இடையிலுள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் கிடைப்பது அது. நான் பார்த்த கருவியின் விகிதம் 1.5 முதல் 1.8 வரை. வில்லையைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருகினால் இவ்விரு எல்லைக்குள் மாற்றிக்கொள்ளலாம்.

இந்த எண் எங்கிருந்து வருகிறது? நாம் ஆய்வகத்தில் குவிவில்லையின் குவியத் தூரம் காணும் சோதனையில் இதற்கு விடை இருக்கிறது. கருவிக்குள்ளிருக்கும் பலகமே பொருள்; சுவரில் விழுவது பிம்பம். பலகத்தின் மூலைவிட்டம் 0.63 அங்குலம், அதன் அகலம் 12.8 மில்லிமீட்டர். சுவரில் படத்தின் அகலம் 178 சென்டிமீட்டர், அதாவது 1780 மில்லிமீட்டர், என்று கொண்டால், உருப்பெருக்கம் 1780 ÷ 12.8, ஏறத்தாழ 139. வில்லையிலிருந்து சுவர் 3200 மில்லிமீட்டர் தொலைவில் இருப்பின், குவியத் தூரம் 3200 ÷ 140, ஏறத்தாழ 23 மில்லிமீட்டர். இந்த 23ஐப் பலகத்தின் அகலமாகிய 12.8ஆல் வகுத்துப் பாருங்கள், 1.8 வரும்! எனவே எறிதூர விகிதம் என்பது குவியத் தூரத்துக்கும் பலகத்தின் அகலத்துக்கும் உள்ள விகிதமேயன்றி வேறன்று. வணிகர் சொல்லும் எண்ணுக்குப் பின்னால் நம் பாடநூல் சமன்பாடே ஒளிந்திருக்கிறது.

இனி அறைக்கு வருவோம். பன்னிரண்டடி என்பது 366 சென்டிமீட்டர். இதில் கருவியின் நீளமும், பின்புறம் கம்பிக்கும் காற்றுக்கும் விட வேண்டிய இடமும் சேர்ந்து 46 சென்டிமீட்டர் போய்விடும். எஞ்சுவது 320. இதை 1.5ஆல் வகுத்தால் படத்தின் அகலம் 213 சென்டிமீட்டர், 1.8ஆல் வகுத்தால் 178 சென்டிமீட்டர். இன்றைய அகலத்திரைப் படங்களுக்குப் பதினாறுக்கு ஒன்பது என்ற அளவைக் கொண்டால், முன்னதன் மூலைவிட்டம் 96 அங்குலம். பின்னது 80 அங்குலம்.

பெரியதைத் தேர்வதா, சிறியதைத் தேர்வதா? கண்ணைக் கேட்க வேண்டும். படத்தின் இரு ஓரங்களும் பார்ப்பவர் கண்ணில் அமைக்கும் கோணம் ஏறத்தாழ 30 பாகை முதல் 40 பாகை வரை இருந்தால் பார்வைக்கு இதமாகவும் திரையரங்க உணர்வோடும் இருக்கும் என்பது இத்துறையில் உள்ள வழக்கம். கோணவியல்படி, 178 சென்டிமீட்டர் அகலப் படத்துக்கு இது 2.45 மீட்டர் முதல் 3.3 மீட்டர் வரை உள்ள தொலைவு. எங்கள் அறையில் பின்சுவரில் சாய்ந்து அமர்வோரும் அவர்களுக்கு முன்வரிசையும் இந்த எல்லைக்குள் அடங்குவர். 213 சென்டிமீட்டர் படத்துக்கோ 2.9 மீட்டர் முதல் 4 மீட்டர் வரை வேண்டும். அவ்வளவு தூரம் சென்றால் அடுத்த வீட்டில்தான் அமர வேண்டும்! ஆகவே 80 அங்குலமே எங்கள் அறைக்கு ஏற்றது என்று கண்டேன்.

மற்றொரு செய்தியும் உண்டு. இக்கருவியின் பலகத்தில் அகலவாக்கில் 1024 புள்ளிகள். 178 சென்டிமீட்டரில் ஒரு புள்ளியின் அகலம் 1.74 மில்லிமீட்டர். நல்ல கண் ஒரு கலை அளவுக் கோணத்தைப் பிரித்தறியும்; அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. அக்கணக்குப்படி இப்புள்ளிகள் மறைய வேண்டுமானால் 6 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 1920 புள்ளிகள் உள்ள கருவியாயின் 3.2 மீட்டர் போதும். சிறிய அறையில் நாம் படத்துக்கு அருகில் அமர்கிறோம். ஆதலின் புள்ளிகளின் எண்ணிக்கைக்குப் பெரிய அறையைவிடச் சிறிய அறையிலேயே மதிப்பு அதிகம். புதிதாக வாங்க வசதியுள்ளோர் 1920 புள்ளிகளுக்குக் குறையாமல் வாங்குவது நன்று. எங்கள் கைப்பணத்துக்குக் கிடைத்தது 1024. பாட எழுத்துகளைச் சற்றுப் பெரிதாக வைத்தால் பிள்ளைகள் இடரின்றிப் படிக்க இயலும் என்பதை அன்று மாலை சோதித்து அறிந்தேன்.

இரண்டாம் கணக்கு: எவ்வளவு வெளிச்சம்?

கருவியின் பெட்டியில் 2600 லூமன் என்று அச்சிட்டிருந்தது. லூமன் என்பது கருவியிலிருந்து வெளிப்படும் மொத்த ஒளிப்பாயத்தின் அலகு. அது ஒரு சதுர மீட்டரில் பரவினால் கிடைக்கும் ஒளிச்செறிவை லக்ஸ் என்கிறோம்.

பெட்டியின் எண்ணை அப்படியே ஏற்கலாகாது. இதை அளக்க எளிய முறை ஒன்று உண்டு. முழு வெண்மையான படத்தைச் சுவரில் வீழ்த்தி, அதை நீளவாக்கில் மூன்றாகவும் அகலவாக்கில் மூன்றாகவும் பிரித்து, ஒன்பது கட்டங்களின் நடுவிலும் லக்ஸ்மானியை வைத்து அளந்து, சராசரி காண வேண்டும். அச்சராசரியைப் படத்தின் பரப்பால் பெருக்கினால் உண்மையான லூமன் கிடைக்கும். எங்கள் துறைப் பேராசிரியர் இசைவுடன் ஆய்வகத்து லக்ஸ்மானியை ஒரு நாள் எடுத்துச் சென்று அளந்தேன். சராசரி 500 லக்ஸ். படத்தின் பரப்பு 1.78 மீட்டர் பெருக்கல் 1 மீட்டர், ஆகவே 1.78 சதுர மீட்டர். பெருக்கினால் 890 லூமன்.

2600 எங்கே, 890 எங்கே? இதில் வியப்பில்லை. கருவியின் பலகம் நான்குக்கு மூன்று வடிவம். அகலத்திரைப் படத்தைக் காட்டும்போது 768 வரிசைகளில் 576 மட்டுமே பயன்படுகின்றன. எனவே ஒளியில் கால் பங்கு அப்போதே போய்விடுகிறது. எஞ்சிய 1950ஐ விளக்கின் வயது குறைக்கிறது. இவ்வகைப் பாதரச விளக்குகளின் ஆயுள் என்று குறிப்பிடப்படுவதே ஒளி பாதியாகக் குறையும் வரையுள்ள காலத்தைத்தான். எங்கள் கருவியின் விளக்கு அந்த எல்லையைத் தொட்டிருந்தது. அதை விற்பவரிடம் எடுத்துச் சொன்னபோது அவர் விலையில் 800 ரூபாய் குறைத்துக்கொண்டார் என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். எண் அறிந்தவன் பேரமும் பேசலாம்!

சரி, 890 லூமன் போதுமா? எண்முறைத் திரையரங்குகளுக்கு வகுத்துள்ள வெண்மையின் அளவு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா. எல்லாத் திசையிலும் ஒளியைச் சீராகச் சிதறடிக்கும் பளபளப்பற்ற பரப்பில், அதன் ஒளிர்வு என்பது விழும் லக்சை எதிரொளிப்புத் திறனால் பெருக்கி 3.14ஆல் வகுத்த ஈவு. 1760இல் லாம்பெர்ட் என்ற அறிஞர் தம் நூலில் வகுத்த விதியிலிருந்து இது பெறப்படும். சுவரின் எதிரொளிப்புத் திறன் 0.8 என்று கொண்டால், 48 கேண்டெலாவுக்கு வேண்டுவது 188 லக்ஸ். அதாவது 80 அங்குலப் படத்துக்கு உண்மையான 340 லூமன் இருந்தால் திரையரங்கின் வெளிச்சம் கிடைத்துவிடும். எங்களிடம் இருப்பதோ 890. “வாங்கலாம் அம்மா” என்று அன்றிரவே துணிந்து சொன்னேன்.

மூன்றாம் கணக்கு: எவ்வளவு இருள்?

இக்கட்டுரையின் உயிர்நிலை இதுதான். வாசகர்கள் சற்று ஊன்றிப் படிக்க வேண்டுகிறேன்.

படவீழ்த்தி வெள்ளையை வீச முடியும். சிவப்பை, நீலத்தை, பச்சையை வீச முடியும். கறுப்பை வீச முடியாது. கறுப்பு என்பது ஒளி விழாத இடம். அறையில் வேறு வெளிச்சம் இருந்தால், கதாநாயகியின் கூந்தல் நம் சுவரின் நிறத்தில்தான் தெரியும்.

எங்கள் அறையின் டியூப் லைட் எரியும்போது அந்தச் சுவரில் 100 லக்ஸ் விழுகிறது. அப்போது படத்தின் வெள்ளைப் பகுதியில் 600, கறுப்புப் பகுதியில் 100. விகிதம் வெறும் 6. இதைச் சீராக்க இருமடங்கு ஆற்றலுள்ள கருவியை வாங்கினால் என்ன ஆகும்? 1100க்கு 100, விகிதம் 11. பணம் இருமடங்கு; பயன் இருமடங்குக்கும் குறைவு. மாறாக, விளக்கை அணைத்து, சன்னலுக்குக் கனத்த திரையிட்டு, கதவிடுக்கில் கோணிச்சாக்கைச் செருகினால் எஞ்சும் வெளிச்சம் 2 லக்ஸ். படம் பெரும்பாலும் இருண்ட காட்சியாயின், வெள்ளைக்கும் கறுப்புக்கும் விகிதம் 251. செலவோ ஒரு கோணிச்சாக்கு! ஒளியை விலைகொடுத்து வாங்குவதைவிட இருளைக் காப்பது மலிவு. சிறு வீட்டில் வாழும் நமக்கு இதைவிட இனிய செய்தி வேறென்ன வேண்டும்?

ஆயினும் இதோடு முடியவில்லை. சிறிய அறைக்கென்றே உள்ள இடர் ஒன்று உண்டு. திரையில் பட்ட ஒளி அறைக்குள் திரும்பி, பக்கச் சுவர்களிலும் கூரையிலும் மோதி, மீண்டும் திரைக்கே வந்து கறுப்பை வெளுக்கச் செய்கிறது. பெரிய அரங்கில் சுவர்கள் தொலைவில் உள்ளன. நம் அறையில் கைநீட்டினால் தொடும் தூரத்தில் உள்ளன.

இதையும் கணக்கிடலாம். சுவரின் எதிரொளிப்புத் திறன் 0.7 எனில், ஒளி முதல் மோதலில் 0.7 பங்காகும், அடுத்ததில் 0.49 பங்கு, அதற்கடுத்து 0.343. இது பள்ளியில் படித்த முடிவிலாப் பெருக்குத் தொடரேதான். அதன் கூடுதல் 1ஐ 0.3ஆல் வகுத்தது, அதாவது 3.33. எதிரொளிப்புத் திறன் 0.5ஆகக் குறைந்தால் கூடுதல் 2.

திரையில் பாதி வெள்ளை, பாதி கறுப்பு என்று கொள்வோம். திரையிலிருந்து அறைக்குத் திரும்பும் ஒளி 445 லூமனில் 0.8 பங்கு, 356 லூமன். எங்கள் அறையின் தரை, கூரை, நான்கு சுவர் ஆகியவற்றின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 61 சதுர மீட்டர். வகுத்தால் 5.8 லக்ஸ். வெள்ளை அறையில் இது 3.33 மடங்காகி 19 லக்ஸ் ஆகிறது. வெள்ளை கறுப்பு விகிதம் 27. அறை சற்று இருண்டு சராசரி 0.5 ஆயின், 11.7 லக்ஸ், விகிதம் 44. கருவியில் ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் படம் ஒன்றரை மடங்குக்கு மேல் தெளிவு பெறுகிறது.

“அப்படியானால் பக்கச் சுவருக்குக் கறுப்பு அடித்துவிடலாமா?” என்று கேட்டேன். அம்மா ஒப்பவில்லை. “விளக்கேத்துற வீட்டுல கறுப்பு அடிக்கிறதாவது!” என்று மறுத்துவிட்டார். அதுவும் நியாயமே, படம் இரண்டு மணி நேரம், வாழ்வது இருபத்திரண்டு மணி நேரம். எனவே திரையை ஒட்டிய மூன்றடி தூரத்துக்கு, இரு பக்கச் சுவரிலும் கொடிக்கயிறு கட்டி, அம்மாவின் பழைய கரும்பச்சை, கருநீலச் சேலைகளை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டோம். படம் முடிந்ததும் அவற்றைச் சுருட்டி வைத்துவிடலாம். தரையில் கோரைப்பாய்க்கு மேல் கருநிறப் போர்வை விரித்தோம். திரைக்கு மிக அருகிலுள்ள பரப்புகளே அதிகக் கேடு செய்பவை. ஆதலால் முழு அறையையும் மூட வேண்டிய தேவை எழவில்லை.

சுவரே திரை

கடையில் விற்கும் திரைக்கு எங்களிடம் பணம் இல்லை. துணித்திரையாயின் மின்விசிறிக் காற்றில் ஆடும். ஆடினால் படமும் நெளியும். சுவரே போதும் என்றார் அப்பா. இந்தப் பகுதியில் ஆசிரியர் அப்பா, நான் மாணவி.

சுவரில் எமல்ஷன் பூசியிருந்தாலும் அது மேடுபள்ளமாகவே இருந்தது. என் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. அப்பா ஒரு பல்பைச் சுவரை ஒட்டிப் பிடித்தார். உடனே ஒவ்வொரு மேடும் நிழல் விழுத்தித் தன்னைக் காட்டிக் கொடுத்தது. “நேர வெளிச்சத்துல சுவரு நல்லவன் மாதிரி நிக்கும்மா. பக்கத்துல விளக்கப் புடிச்சாத்தான் அதோட குணம் தெரியும்” என்றார். சாய்வாக விழும் ஒளி சிறு மேட்டுக்கும் நீண்ட நிழல் தரும் என்பது இயற்பியல். அதை என் தந்தையார் எந்தப் பாடநூலும் இன்றி, முப்பது ஆண்டுகளாகத் தம் கையால் செய்து வருகிறார் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

பழைய பூச்சைச் சுரண்டி, இரண்டு முறை பட்டி பார்த்து, ஒவ்வொரு முறையும் காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பல்பைப் பிடித்துப் பார்த்து, பிரைமர் அடித்தார். கடைசிப் பூச்சுக்குப் பளபளப்பற்ற வெள்ளை எமல்ஷனைத் தேர்ந்தார். பளபளக்கும் பூச்சானால் கண்ணாடிபோல் ஒரு திசையில் மட்டும் ஒளியைத் திருப்பும்; நடுவில் அமர்ந்தவருக்குக் கண்கூசும், ஓரத்தில் அமர்ந்தவருக்கு மங்கும். பளபளப்பற்ற பூச்சோ எல்லாத் திசைக்கும் ஒன்றாக வழங்கும். லாம்பெர்ட் விதி கேட்பதும் அதையே. படத்தின் எல்லையைச் சுற்றி நான்கு விரற்கடை அகலத்துக்கு மங்கிய கறுப்புப் பட்டை ஒன்று அடித்தார். இதற்கு மட்டும் அம்மா இசைவு தந்தார். ஓரத்தில் சிதறும் ஒளியை அப்பட்டை உறிஞ்சிக்கொள்கிறது. படமும் சட்டம் போட்டதுபோல் நிற்கிறது.

கருவியை அமர்த்தும் முறை

சிறிய அறையில் கருவியை மேசைமேல் வைத்தால் குறுக்கே செல்வோரின் தலை திரையில் விழும். எனவே பின்சுவரிலுள்ள பரணின் அடியில், வெல்டிங் பட்டறையில் செய்த இரும்புத் தாங்கியில், கருவியைத் தலைகீழாகத் தொங்கவிட்டோம். கருவியிலுள்ள அமைப்பு ஒன்றை மாற்றினால் படம் நேராகிவிடும். பெரும்பாலான படவீழ்த்திகள் மேசையில் இருக்கையில் ஒளியைச் சற்று மேல்நோக்கி வீசுமாறு செய்யப்பட்டவை. தலைகீழாகத் தொங்கும்போது அவை கீழ்நோக்கி வீசும். அதனால் கருவியைச் சாய்க்க வேண்டியதில்லை.

சாய்த்தால் என்ன கேடு? சாய்ந்த கருவியிலிருந்து படத்தின் ஒரு விளிம்புக்கு ஒளி அதிகத் தூரம் செல்கிறது. ஆகவே அந்த விளிம்பு அகன்று, செவ்வகம் சரிவகமாகிறது. இதைச் சரிசெய்யக் கருவியிலேயே ஒரு பொத்தான் உண்டு. ஆனால் அது பலகத்தின் புள்ளிகளில் சிலவற்றைக் கைவிட்டு, எஞ்சியவற்றுக்குள் படத்தைச் சுருக்குகிறது. ஏற்கெனவே 1024 புள்ளிகள்தாம், அவற்றையும் இழப்பானேன்? கருவியை நேராக வைப்பதே முறை.

இதற்குக் கொத்தனார் முறையைப் பின்பற்றினோம். திரைச்சுவரின் நடுவிலிருந்து தரையில் மூன்றடி, நான்கடி, ஐந்தடிக் கயிற்று முக்கோணத்தால் செங்குத்துக் கோடு போட்டோம். வில்லையின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அதன் முனை அக்கோட்டின்மேல் நிற்குமாறு தாங்கியை நகர்த்தினோம். கருவியின் மட்டத்தை இரசமட்டம் வைத்துப் பார்த்தோம். படத்தின் அடிவிளிம்பு தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில் அமைந்தது. பாயில் அமரும் பிள்ளைகளின் தலைக்கு மேலே, அப்பத்தாவின் கழுத்து வலிக்காத உயரம் அது.

ஒலியும் காப்பும்

அறையின் நீளம் 3.66, அகலம் 3.05, உயரம் 2.9 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 345 மீட்டர் எனில், இவற்றில் எழும் முதல் நிலையலைகளின் அதிர்வெண்கள் முறையே 47, 57, 59 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் ஏறத்தாழ ஒன்றாயிருப்பதால் 57உம் 59உம் சேர்ந்துகொண்டு முரசொலியை ‘கும்’மென்று வீங்கச் செய்கின்றன. ஒலிபெருக்கியை மூலையில் வைத்தால் இவ்வீக்கம் மிகும். எனவே மூலையை விட்டு இரண்டடி தள்ளி, படத்தின் அடியிலேயே வைத்தோம். பேசுபவரின் குரல் அவர் முகத்திலிருந்து வருவதாகத் தோன்றுவதற்கும் அதுவே ஏற்ற இடம். கம்பியில்லா இணைப்பில் ஒலி சற்றுத் தாமதித்து உதட்டசைவோடு பொருந்தாமற் போவதுண்டு. ஆதலால் கம்பியே நன்று. தொங்கும் சேலைகளும் மடித்து அடுக்கிய மெத்தையும் எதிரொலியைக் குறைத்துப் பேச்சைத் தெளிவாக்குகின்றன.

காப்பு பற்றிச் சில சொற்கள். விளக்கு வகைப் படவீழ்த்தி மிகவும் சூடாகும். அதன் காற்றுத் துளைகளைத் துணி மறைக்கலாகாது. தூசு வடிகட்டியைத் தவறாமல் துடைக்க வேண்டும். படம் முடிந்ததும் உடனே இணைப்பைப் பிடுங்காமல், உள்விசிறி தானாக நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். நில இணைப்புள்ள மூன்று துளைச் செருகி இன்றியமையாதது. தீர்ந்த விளக்கில் பாதரசம் உண்டு. அதை உடைத்துக் குப்பையில் எறியாமல் மின்கழிவு பெறுவோரிடம் சேர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகள் வில்லைக்குள் உற்றுப் பார்க்காமல் காக்க வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துக் கூறின்: முதலில் அறையை அளக்க வேண்டும், அடுத்துக் கண்ணின் கோணத்தை அளக்க வேண்டும், பெட்டியின் எண்ணை நம்பாமல் ஒளியை அளக்க வேண்டும், கருவிக்குப் பணம் செலவிடும் முன்னர் இருளுக்கு வழி செய்ய வேண்டும். இவ்வளவும் செய்தபின் பத்துக்குப் பன்னிரண்டு அடி என்பது குறையன்று, அளவு மட்டுமே.

எங்கள் வீட்டில் இப்போது வாரத்தில் நான்கு நாள் பாடம், ஞாயிற்றுக்கிழமை படம். சந்திர கிரகணப் பாடத்தன்று, நிழல் ஏன் வட்டமாக விழுகிறது என்று நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் எழுந்து திரைக்கே சென்று விரல் வைத்துக் காட்டிக் கேட்டான். கைப்பேசியின் திரையில் அவன் அக்கேள்வியைக் கேட்டிருக்க மாட்டான் என்பது என் துணிபு. அம்மா தம் சிறுவாட்டுப் பணத்தைப் பற்றி இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் படம் தொடங்கும் முன் சேலைகளைக் கொடியில் போடுபவர் அவரே. ஒரு மடிப்பு விலகினாலும், “வெளிச்சம் திரும்புது பாரு” என்று எழுந்து சரிசெய்கிறார்.

ஊரார் வீட்டுச் சுவர்களுக்கெல்லாம் வண்ணம் பூசிய என் தந்தையார், தம் வீட்டுச் சுவர் ஒன்றை ஒன்பது கட்டமாகப் பிரித்து மகள் அளந்ததை அருகிலிருந்து பார்த்தார். ஒன்பது எண்களையும் தம் கையாலேயே நோட்டில் எழுதிக்கொண்டார். படித்தவர் அறிவும் உழைப்பவர் அறிவும் வெவ்வேறு என்று நினைப்போர் உளர். அந்த நோட்டில் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. நாம் வகுப்பறையில் கற்கும் சமன்பாடுகளை வீட்டுக்கு எடுத்துச் செல்வோம். வீட்டில் உள்ளவர் கையறிவை வகுப்பறைக்குக் கொண்டு வருவோம். அறிவியல் வளர அதுவே நல்ல வழி.